பார்த்தது யார் என்று கேட்ட ஜமீலா

ஜமீலா போய்விட்டாள் என்ற செய்தி உங்களுக்கெல்லாம் வந்தது போலத்தான் எனக்கும் வந்தது. விடிந்ததும் கைப்பேசியில், நாலைந்து வாட்ஸப் குழுக்களில், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஒரே தவறு. உயிர்த்தொழில்நுட்பத் துறையில் இத்தனை வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவளைத் 'தாவரவியல் பேராசிரியை' என்று போட்டிருந்தார்கள். அந்தத் தவறை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறு யாரோ ஒரு ஜமீலாவாக இருக்கலாம். அவள் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. தச்சநல்லூரிலிருந்து அவள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டால் தவறும் கூடவே வரும் என்று எனக்குக் காட்டியவளே அவள்தான்.

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டுக் குழு ஒன்று இணையத்தில் ஒரு தரவுத்தளம் தொடங்கி, அதை மதிப்பிட்டுத் தரும்படி எங்கள் இருவரையும் கேட்டிருந்தது. ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் புரதங்களின் தொகுப்பு அது. மரபணுவிலிருந்து படியெடுத்து வரும் ஆர்.என்.ஏ.வில் வேண்டாத துண்டுகளும் இருக்கும். அவற்றை நீக்கி மிச்சத்தை இணைப்பது இந்தப் புரதங்களின் வேலை. வகுப்பில் ஜமீலா அதைச் சொல்லும் விதம் அவளிடம் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. "கல்யாண வீடியோவ எடிட் பண்ணுதான்லா, அது மாதிரி. கண்ட எடத்துல வெட்டுனான்னு வையி, மாப்பிள்ளையே இருக்க மாட்டான்."

எனக்கு அவசரம் கூடப்பிறந்தது. தளம் அழகாக இருந்தது, கேட்டது உடனே கிடைத்தது. ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்றேன். துறைத்தலைவரும், "நல்லா இருக்குன்னு நாலு வரி எழுதி அனுப்புங்கம்மா. நம்மளக் கேட்டதே பெருசு" என்றார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு சார். நம்பலாமான்னுல்லா கேட்டிருக்காவ" என்றாள் ஜமீலா.

அவளுக்கு ஒரு புரதத்தின் மேல் சந்தேகம். அப்படி ஒரு புரதம் இருப்பதற்கு ஐந்து கட்டுரைகளைச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். ஐந்து போதாதா என்று நான் சிடுசிடுத்தேன். "பையப் பாப்போம்" என்று அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஐந்தாவது, நாலாவதைப் பார்த்து எழுதியது. நாலாவது மூன்றாவதை. இப்படியே பின்னால் போனால், முதல் கட்டுரையில் இருந்தது வெறும் கணினி ஊகம். 'இருக்கக்கூடும்' என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆய்வகத்தில் யாரும் அதைக் கண்டதே இல்லை.

"அஞ்சு பேரு சொல்லுதாவ. பாத்தது யாருட்டி?" என்றாள். "இத நம்பி எங்கயோ ஒரு புள்ள மூணு வருசம் ஆராய்ச்சின்னு இது பின்னால ஓடுமே, அது பாவமில்லையா?"

அந்தக் கோடை விடுமுறை முழுக்க என்னையும் உட்கார்த்தி வைத்து மற்றப் புரதங்களின் சான்றுகளையும் பார்த்தாள். வைதுகொண்டேதான் கூட இருந்தேன். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டாதவரை இந்தத் தளத்தை நம்ப முடியாது என்று எழுதி அனுப்பினோம். இனி நம்மைக் கேட்க மாட்டார்கள் என்றார் தலைவர். அவர் சொன்னபடியே அதன்பின் அவர்கள் எங்களைக் கேட்கவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து, பைய நடக்கிற ஜமீலா துறைக்குள் ஓடி வந்தாள். தளத்தில் ஒவ்வொரு புரதத்தின் கீழும் 'நேரடிச் சான்று' என்று புதிதாக ஒரு கட்டம் வந்திருந்தது. அந்தப் புரதத்துக்கு அது காலியாக இருந்தது. எங்கள் பெயர் எங்கும் இல்லை.

"ஏட்டி, பேரு கெடக்கட்டும். கட்டம் வந்துட்டுல்லா!" என்று என் தோளில் அடித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வண்ணார்பேட்டை நெரிசலில் ஆட்டோ நின்றபோது மறுபடி கைப்பேசியைத் திறந்தேன். இன்னும் இரண்டு குழுக்களில் அதே வாசகம். பார்த்தது யார் என்று யாரும் எழுதவில்லை. நெரிசல் விலகி ஆட்டோ கிளம்பியபோதுகூட எனக்கு நம்பிக்கை இருந்தது.

மேலப்பாளையத்தில் அவள் தெருவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவளுடைய அக்கா வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள மவுத்தாகிட்டாம்மா. உள்ள வந்து மொகத்தப் பாத்துக்கிடுங்க, எடுக்கப் போறாவ."

உள்ளே போனேன். தூங்குகிற மாதிரியெல்லாம் இல்லை. ஜமீலா இல்லாத ஜமீலாவின் முகம். உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவளிடமிருந்து என்னோடு இருக்கப்போவது அந்த ஒரு கேள்விதான். வெளியே வந்து, குழுக்களில் ஓடிக்கொண்டிருந்த செய்தியை எடுத்துத் 'தாவரவியல்' என்பதைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். அதன் கீழே, அவள் கேட்பதற்கு முன்னால், ஒரு வரி சேர்த்தேன்: நான் பார்த்தேன்.