வாங்காத குங்குமம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் தூறல். ஸ்ரீரங்கம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. உள்ளே ஒருவர் இருக்கை இருக்கையாக இயேசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு வருகிறார். வெள்ளைச் சட்டை தோளில் நனைந்திருக்கிறது. காதில் இயர்போன் மாட்டிய பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒன்றை வாங்கிக்கொள்கிறாள்.

"யாராவது படிக்கிறாங்களா?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"வேணாம்னு யாரும் சொல்றதில்லைங்க. எல்லா சாமியும் ஒண்ணுதானேன்னு வாங்கி வச்சுக்கிறாங்க. அதுக்கு மேல என்ன பேசுறது? வேணாம்னு சொன்னாக்கூட ஏன்னு கேட்டு உட்கார்ந்து பேசலாம்."

என் முன்னிருக்கையில் மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா. சமயபுரத்தில் முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசியிருக்கிறார். பிரசுரத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பிறகு பையைத் துழாவி, மாரியம்மன் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டுகிறார்.

"எடுத்துக்கங்க."

அவர் கை பிரசுரக் கட்டை இறுகப் பிடிக்கிறது. "இல்லம்மா, எங்களுக்கு வழக்கமில்லைங்க."

"நீங்க கொடுத்ததை நான் வாங்கிக்கிட்டேனேங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். கண்டக்டர் விசிலடித்ததும், பின்னிருக்கைகளுக்குக் கொடுக்காமலே இறங்கிவிடுகிறார். பஸ் நகர்கிறது.

அந்த அம்மா பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைக்கிறார். சற்று நேரம் பிரசுரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு திரும்பி, அதை என்னிடம் நீட்டுகிறார்.

"எனக்கு வேணாங்க. நீங்கதானே பேசினீங்க, அவர்கிட்டயே கொடுத்துடுங்க."

நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மழையில் நிறைய வெள்ளைச் சட்டைகள் போகின்றன.