நிற்க வைத்தவரை நிற்க வைத்தவள்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா வேண்டாமென்ற நர்சிங் படிப்பு. ஒரு வருஷம் தோற்று, அதையே திரும்பப் படித்து வாங்கிய முதலிடம். படித்த நர்சிங் பள்ளியிலேயே ஆசிரியை வேலை. கடைசியாக, பெரிய மேடம்.

பெரிய மேடம் அந்தப் பள்ளியின் மூத்த ஆசிரியை. அவர் வகுப்பில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், கேட்டவள் மணியடிக்கும் வரை எழுந்து நிற்க வேண்டும். புரியாமலே தலையாட்டியவர்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். என் தங்கைக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. விடுமுறையில் வந்தால் நான்தான் அவள் காலைப் பிடித்துவிடுவேன். "இந்தக் கால்வலிக்கு அவங்க ஒருநாள் பதில் சொல்லணும்க்கா" என்பாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனாலும் அந்த நாளுக்காக நானும் காத்திருந்தேன்.

ஆசிரியையான பிறகும் அவள் பேச்சு மாறவில்லை. "வீங்கின கால்ல கட்டைவிரலை வச்சு அழுத்துங்க. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தா, உள்ளே நீர் கட்டியிருக்கு." இதுதான் அவள் பாடம். பக்கத்து வகுப்புப் பெண்களும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். பெரிய மேடத்துக்குப் பொறுக்கவில்லை. சமையற்கட்டுப் பேச்சைப் பாடமாக நடத்துகிறாள், இவளை நிரந்தரமாக்கக் கூடாது என்று பள்ளி முதல்வரிடம் சொன்னார்.

முதல்வர் இருவரின் மாணவிகளையும் வார்டுக்கு அழைத்துப் போனார். சர்க்கரை நோயாளியான ஒரு லாரி டிரைவரிடம், காலைப் பாதுகாக்கும் முறையைச் சொல்லச் சொன்னார். பெரிய மேடத்தின் மாணவி வரி பிசகாமல் ஒப்பித்தாள். டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, நான் செருப்பு போடணுமா, வேண்டாமா?" என்றார். தங்கையின் மாணவி சொன்னதையோ, அவரே தன் மனைவிக்குத் திருப்பிச் சொன்னார்.

வேலை நிரந்தரமானது. இனி எல்லோருடைய பாடக்குறிப்பும் தங்கை கையெழுத்திட்ட பிறகுதான் வகுப்புக்குப் போக வேண்டும் என்றும் முதல்வர் சொல்லிவிட்டார். பெரிய மனசு பண்ணி மேடத்தை விட்டுவிடு என்றாள் அம்மா. தங்கை விடவில்லை. விடும்படி நானும் சொல்லவில்லை.

பெரிய மேடம் முதல் குறிப்போடு வந்து நாற்காலியை இழுத்தார்.

"இருங்க மேடம். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

மேடம் இன்னொரு கடினமான வார்த்தையைச் சொன்னார்.

"சரி, அதுக்கு?"

மற்ற ஆசிரியைகள் குனிந்த தலை நிமிரவில்லை. மணியடிக்கும் வரை மேடம் நின்றார். மறுநாளும் நின்றார். கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது.

மூன்றாம் முறை கொண்டுவந்த தாளில் முதல் வரி, 'வெறுங்காலோடு நடக்காதீங்க' என்றிருந்தது. தங்கை அவசரப்படாமல் கடைசி வரை படித்தாள்.

"இது எனக்குப் புரியுது. உட்காருங்க மேடம்."

இன்னொருவர் பாடக்குறிப்பில் அவள் முதன்முதலில் கையெழுத்திட்டது அந்தத் தாளில்தான். 2019 மார்ச் 11, திங்கட்கிழமை.