ஆய்வுகூடம் போன கூந்தல் எண்ணெய்

வெள்ளைக்காரன் நாட்டுக் கோலியர்ஸ் வுட்டில் தவநாயகியைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. வாயும் பெரிது, மனமும் பெரிது. முதல் இரண்டு கருவும் தங்காத ஏக்கத்தில் மகள் சயந்தினிக்குத் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியதும், தாய் அடுப்பில் சட்டியை வைத்தாள். நல்லெண்ணெய், செவ்வரத்தம்பூ, வெந்தயம். இயற்கைச் சாமான் விற்கிற கடைப் பெட்டை ஹெம்ப் விதை எண்ணெய் மயிருக்கு நல்லது என்றாளாம், அதையும் ஊற்றினாள். மயிர் கொட்டுவது நின்றது. மகள் மூன்றாம் முறையும் கர்ப்பமாகி ஏழாம் மாதம்வரை வந்துவிட்டாள். எண்ணெயாலோ என்னவோ, யார் கண்டது! தவநாயகி சும்மா இருப்பாளா? போத்தலில் அடைத்து யாக்கோப்பு அண்ணையின் கடையில் விற்கக் கொடுத்துவிட்டாள்.

ஒரு நாள் யாக்கோப்பு போன் எடுத்தார்.

"தங்கச்சி, கடையளைச் சோதிக்கிற கவுன்சில்காரர் வந்து உம்மடை எண்ணெயிலை ரெண்டு போத்தலைத் தூக்கிக்கொண்டு போட்டினம். லாப்பிலை சோதிக்கப் போயினமாம்."

"ஏன் அண்ணை, நான் என்ன நஞ்சே காய்ச்சினனான்?"

"ஹெம்ப் எண்டால் என்னெண்டு தெரியுமே? கஞ்சா!"

தவநாயகி போனை வைத்தாள். கஞ்சாவா? கடையில் பகிரங்கமாக அடுக்கி, பில்லும் போட்டுத் தந்தார்களே! அந்த வருடத் தொடக்கத்தில்தான் கஞ்சாச் சட்டத்தை வேறு இறுக்கியிருந்தார்கள். தன்னைப் பிடித்து உள்ளே போட்டால் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு யார் பக்கத்தில் நிற்பது? மருமகன் இரத்தத்தைக் கண்டால் விழுகிற ஆள். கணவர் குலசேகரத்துக்குத் தேத்தண்ணி போடவே தெரியாது.

கடைசியில் கவுன்சில் பெண் வீட்டுக்கே வந்தாள். சயந்தினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்து அவள் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னாள்.

"விதையிலை பிழியிற எண்ணெயாம், போதை இல்லையாம். பூஞ்சணமும் இல்லையாம். ஆனால் விக்கிறதெண்டால் முதலே ஒரு நிபுணர் பாத்துச் சரியெண்டு சொல்ல வேணுமாம்."

"அப்ப என்னைப் பிடிக்க மாட்டினம்?"

"இல்லையம்மா. ஆனால் எண்ணெயிலை ஈயம் கிடக்காம். நிறைய. எங்கையிருந்து வந்ததெண்டு கேக்கிறா."

கஞ்சா நல்லதாம், எண்ணெய் கெட்டதாம். இதென்ன கூத்து! தவநாயகி சட்டியைத் தூக்கிவந்து காட்டினாள். எவர்சில்வர். போத்தலோ கண்ணாடி.

"போட்ட சாமானெல்லாம் லேபிளிலை எழுதிக் கிடக்கெல்லே!" என்று சீறினாள்.

"எழுதாமல் ஏதும் போட்டனீங்களோ எண்டு கேக்கிறா."

"நான் ஏன் ஒளிக்கிறன்? சட்டியை அடுப்பாலை இறக்கேக்கை சாமிக் குங்குமம் போடுறனான். அது சாமானே? உனக்குப் பிள்ளை தங்க வேணுமெண்டு அம்மாளாச்சியை நினைச்சுப் போட்டது!"

முதலில் ஒரு கிள்ளுதான் போட்டாள். எண்ணெய் சிவந்து வடிவாக வந்ததும் கிள்ளு கரண்டியாயிற்று. யாரோ வாங்கிவந்து கொடுத்த பொட்டலம் அது. அதில் பேருமில்லை, ஊருமில்லை. கவுன்சில் பெண் சாமித் தட்டில் இருந்த குங்குமத்தில் கொஞ்சத்தைச் சின்னப் பையில் எடுத்துக்கொண்டு ஏதோ மெல்லச் சொன்னாள்.

"சில குங்குமத்திலை நிறத்துக்கு ஈயம் கலக்கிறவையாம். வயித்திலை பிள்ளை இருக்கிற ஆக்கள்..."

சயந்தினி அத்தோடு நிறுத்திவிட்டாள். அவள் கை தலைமயிரைத் தொட்டுவிட்டு வயிற்றுக்குப் போனது.

"மிச்சத்தைச் சொல்லு பிள்ளை!"

"ஒண்டுமில்லையம்மா. நான் இப்பவே போய் இரத்தம் சோதிக்க வேணும். தலையிலை வைச்சது உள்ளுக்குப் போறது குறைவாம், பயப்பிட வேண்டாமாம்."

குறைவு என்றால் எவ்வளவு குறைவு?

குலசேகரம் காரை எடுத்தார். சயந்தினி செருப்பைப் போட்டுவிட்டு, வெளிக்கிடும்போது எப்போதும் செய்வதுபோல நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றாள். தவநாயகியின் கை பழக்கத்தில் குங்குமத்துக்குப் போய்விட்டது. ஐயோ! சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் திருநீறு இருந்தது. அதற்குள் என்ன கிடக்கோ? ஒன்றும் விளங்காமல் ஓடிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். மகள் இன்னும் குனிந்தபடிதான் நின்றாள்.

ஈரம் காயாத வெறும் விரலை அந்த நெற்றியில் வைத்து அழுத்தினாள்.