மூன்றாவது தடவை

என் மகள் நேற்று நண்பர்களோடு போய்வந்த மலைக்கு, ஒன்பது வயதில் நானும் போயிருக்கிறேன். அவள் பத்திரமாகத் திரும்பிவிட்டாள். அடுத்த அறையில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள். நான்தான் எழுந்து எழுந்து போய் அவளை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்தக் காலத்தில் மலையில் பார்க்க வேண்டியவற்றை மாமா கடிதத்தில் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார். அருவி, பைன் மரக்காடு, பழைய துரை பங்களா, எல்லாவற்றுக்கும் மேலாகச் 'சின்ன உலக முடிவு'. பெரிய உலக முடிவு நுவரெலியாப் பக்கம் இருக்கிறது. அதன்மேல் பொறாமையோ என்னவோ, செங்குத்துப் பாறை ஒன்று கிடைத்துவிட்டால் எங்கள் மலைக்காரர்கள் அதற்கும் உலக முடிவு என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் நானும் மட்டும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கிளம்பி, திகன வழியாக பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ரொட்டியும் சம்பலும் தின்றதும், முதலில் உலக முடிவு, பிற்பகலில் அருவி என்று மாமா திட்டம் போட்டார். அட்டை கடிக்காமலிருக்க என் கால்களில் சவர்க்காரத்தைத் தேய்த்தார். கையில் ஓர் உப்பு முடிச்சையும் கொடுத்தார். பைன் காட்டுக்குள் நடக்கும்போதுதான் அதைச் சொன்னார்.

"பனி மூடிருச்சின்னா இருந்த எடத்துலயே ஒக்காந்துரு. யாராச்சும் ஒன் பேரக் கூப்புட்டா ஒடனே வாயத் தொறக்காத. மொதத் தடவையும் ரெண்டாந் தடவையும் மலை கூப்புடும். மூணாவது தடவ கூப்புட்டாத்தான் மனுசன்."

"டேய், புள்ளைய ஏன்டா பயங்காட்டுற?" என்றாள் அம்மா.

"நீ மட்டும் என்னக்கா? உச்சி வெயில்ல எவனாவது கதவத் தட்டுனா, மூணு தடவ தட்டாம நீ தெறந்திருக்கியா?"

மாமா சொன்னது உண்மைதான். உச்சி வேளையில் எங்கள் வீட்டுக் கதவு அப்படித்தான் திறக்கும். அவசரத்தில் வந்த தந்திக்காரர்கூட ஒருமுறை வாசலில் நின்று திட்டியிருக்கிறார்.

பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பனி பால் போலப் பொங்கிக்கொண்டிருந்தது. மாமாவும் அம்மாவும் விளிம்போரமாக முன்னால் நடந்தார்கள். என் கால் விரலிடுக்கில் ஓர் அட்டை ஏறியிருந்தது. உட்கார்ந்து, உப்பு முடிச்சை அதன்மேல் வைத்து, அது சுருண்டு விழுவதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது முன்னால் யாரும் இல்லை. பாறையும் இல்லை. நீட்டிய என் கையே மணிக்கட்டுக்கு அப்பால் இல்லை.

சொன்னபடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

அம்மா என் பெயரைக் கூப்பிட்டாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். ஒன்று.

மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாறையில் பட்டுக் குரல் திசை மாறும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு.

மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். குரல் வரவில்லை. பைன் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அம்மா இரண்டோடு நிறுத்துகிறவள் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டாலே பத்துத் தடவை கூப்பிடுவாள். அப்படியானால் இது மலைதான் என்று முடிவு செய்தேன். அந்தக் குரலுக்கு எட்டாத தூரத்துக்குப் போக வேண்டும் என்று, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தேன். ஒரு முழம். இன்னொரு முழம். ஊன்றிய கைக்குக் கீழிருந்து ஒரு கல் பெயர்ந்து போனது. அது விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

அப்போது பனிக்குள் யாரோ ரகசியம் பேசுவது போல மாமாவின் குரல் வந்தது.

"கூப்புடுக்கா. இன்னொரு தடவ கூப்புடு. நீ கூப்புட்டாத்தான் புள்ள பேசும்."

"முடியாதுடா... என்னால முடியாது."

அதன்பிறகு அழுகை. மலை பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று மாமா சொல்லியிருந்தாரே தவிர, அழும் என்று சொல்லவில்லை.

"அம்மா" என்றேன்.

"அசையாத!" என்று மாமா கத்தினார். "அங்கனயே இரு. வாய மட்டும் மூடாத. வாய்ப்பாடு சொல்லு, ஏழாம் வாய்ப்பாடு!"

ஓரேழு ஏழு என்று தொடங்கினேன். மாமா அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தார். எட்டேழில் எனக்கு எப்போதும் தடுக்கும். அன்றும் தடுத்தது. நான் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா போட்ட அலறல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. ஈரமான ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது.

"அம்பத்தாறுடி, கழுத" என்றார் மாமா.

பனி கொஞ்சம் விலகியபோது, எனக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் புல் முடிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. அம்மா மாமாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவர் தடவிக்கொண்டு சிரித்தார். அவர் உதடு நடுங்கியதைப் பார்த்து, வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அருவிக்கு நாங்கள் போகவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். "மூணாவது தடவ ஏன் கூப்புடல?"

"தொண்ட அடச்சிருச்சு" என்றாள்.

எனக்குக் கோபம். ஒரு தடவை கூடுதலாகக் கூப்பிட என்ன கேடு? என்னைவிடத் தொண்டை பெரிதா? பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன்.

நேற்று மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிடுவோம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஐந்தரைக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஆறு மணிக்கு மறுபடியும் அழைத்தேன். அடித்து நின்றது. மூன்றாவது தடவை அவள் பெயர்மேல் விரலை வைத்தேன். வைத்தபடியே இருந்தேன். அதற்கும் அவள் எடுக்காவிட்டால், அதன்பிறகு நான் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. போனை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, அதன் எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்கு வந்து சேர்ந்தவள், சேறு படிந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சண்டைக்கு வந்தாள்.

"போன் பேக்குக்கு அடியில இருந்திச்சிம்மா. பயந்தா இன்னொரு தடவ கூப்புட்டிருக்கலாம்ல? ரெண்டோட ஏன் விட்டீங்க?"

"தொண்ட அடச்சிருச்சு" என்றேன்.

"போன்ல கூப்புடுறதுக்குத் தொண்ட எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள்.