பிடி அரிசி டப்பா

எங்கள் செங்கல்பட்டு வீட்டுச் சமையலறையில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், மூடியில் பனி மூடிய வீட்டுப் படம் போட்ட பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. விளிம்பெல்லாம் துரு. மருமகள் பொறுமைசாலி. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது மட்டும், "இதைப் போட்டுடலாமா அத்தை?" என்று கேட்பாள். நான் முறைத்ததும் துடைத்து அதே இடத்தில் வைத்துவிடுவாள். அந்த டப்பா என்னுடையதல்ல, அக்காவுடையது.

கூடப் பிறந்த அக்கா இல்லை. எழுபதுகளில் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது எனக்கு அறைத்துணையாக வாய்த்தவள். நான் கருங்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் முருகனைத் தவிர வேறு பேச்சில்லை. அக்கா மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்துக்காரி. குப்பம் முழுக்க அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அவள் வீடு மட்டும் வேதக்காரர் வீடு, கிறிஸ்தவர்கள். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போயிருப்போமே தவிர, பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஐயாயிரம் மைலோ என்னவோ தாண்டிப் போய் ஒரே அடுப்பில் சமைத்தோம்.

முதல் பனி விழுந்த காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு அக்கா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "இன்னாடி இது! எங்கூர்ல மீனு கெட்டுப் போவாம இருக்கத்தான் ஐஸு போடுவாங்க. இங்க மனுசனையே போட்டு வெச்சிகினு கீறானுங்க." சொல்லிவிட்டு இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். குளிர், மழை, இரவு ஷிப்ட் முடிந்த களைப்பு, எதற்காகவும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அவள் விட்டதில்லை. அவள் ஜெர்மன் நாலு வார்த்தைதான். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தெரியாது. ஆனாலும் அந்த ஊர்க் கிழவிகளைவிட உரக்கப் பாடுவாளாம், தமிழில்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவில் போடுவாள். அது கர்த்தருக்கு. அவள் ஊர்ச் சபையில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் தேங்காய், கோழி, மீன், அரிசி என்று வந்த காணிக்கையை ஏலம் விடுவார்களாம். ஒரு பூசணிக்காயை வேண்டுமென்றே விலை ஏற்றி ஏற்றி, வாங்குகிறவனின் பாக்கெட்டைக் காலி பண்ணுவதில் ஊருக்கே குஷியாம். ஜெர்மன் போதகரிடம் அரிசியைக் கொடுத்தபோது அவர் சிரித்து, கைகுலுக்கி, திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஊருக்குப் போம்போது எடுத்துகினு போறேன்" என்று அக்கா மறுபடி சேர்க்க ஆரம்பித்தாள். அரிசிக்காக நாங்கள் ரயிலேறிப் பெரிய நகரத்துக்குப் போகவேண்டியிருந்த காலம் அது. எனக்கு எரிச்சல்தான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரம் பனி ஓயாமல் கொட்டியது. ரயில் இல்லை, கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். எங்கள் அரிசி தீர்ந்தது. சரியாக அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை உள்ளே நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. ரொட்டி வாசனை வந்தாலே குமட்டும். கஞ்சி, கஞ்சி என்று சின்னக் குழந்தை மாதிரி அழுதேன்.

"அந்த டப்பால இருக்குதே, போட்டுக் குடுக்கா" என்றேன்.

அக்கா முகம் சுண்டிப்போனது. "அது நம்மளுது இல்லடி. குடுத்தது குடுத்ததுதான். எட்த்து துன்னா திருட்டு."

எனக்கு வந்த கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அக்கா என் கால்மாட்டில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டாள். அவளுக்கும் அது லேசில்லை என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் டப்பாவை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். "நாயமா வாங்கியாறேன் இரு" என்று பனிக்குள் இறங்கிப் போனாள்.

கோயிலில் நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் டப்பாவைப் பீடத்தடியில் வைத்தாளாம். கையை மூடிக் காட்டி, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி கடவுளுக்கு என்று தன் நாலு வார்த்தை ஜெர்மனில் சொன்னாளாம். யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கு அரிசி, பணம் கோயிலுக்கு. போதகருக்கு இந்த முறை புரிந்துவிட்டது. அக்காவே முதலில் ஒரு விலை கேட்டாள். உடனே கோயில் மணி அடிக்கும் கிழவர் ஏற்றினார். அக்கா ஏற்றினாள், அவரும் ஏற்றினார். பர்ஸில் இருந்ததைத் தாண்டி விலை போனதும் அக்கா விட்டுவிட்டாள். கிழவர் டப்பாவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"பேஜாராப் பூட்ச்சிடி. அவரு மேல தப்பு இல்ல. எங்கூர்லயும் அப்டித்தான் ஏத்துவாங்க. எனுக்கே வோணும்னு சொல்ல மறந்துட்டனே." வாசலில் கிழவரின் கையைப் பிடித்து, பெண், காய்ச்சல், சாப்பாடு இல்லை என்று அழுதாளாம். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டாராம். வெறுங்கையோடு வந்த அக்காவைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் விரல்கள் விறைத்து நீலம் பாரித்திருந்தன. என் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். மணி அடிக்கும் கிழவர், தொப்பியெல்லாம் பனி. ஒரு கையில் துணி சுற்றிய பாத்திரம், மறு கையில் எங்கள் டப்பா. பாத்திரத்தில் அரிசியைப் பாலில் குழைய வேகவைத்துச் சர்க்கரை போட்டிருந்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவர் அம்மா செய்வாராம். அக்கா ஒரு வாய் ருசி பார்த்தாள். "உப்பு இல்ல, ஒறைப்பு இல்ல. ஆனா நல்லா வெந்துகீது, துன்னு" என்று ஊட்டினாள். அன்றுதான் ஒரு வாரத்துக்குப் பிறகு என் வயிற்றில் சோறு தங்கியது.

கிழவர் போனபிறகு டப்பாவைக் கழுவலாம் என்று அக்கா மூடியைத் திறந்தாள். அடியில் ஒரு பிடி அரிசி இருந்தது. சமைப்பதற்கு முன்னால் எடுத்து வைத்திருக்கிறார். அக்கா தன் கையை அதற்குள் விட்டு அளந்து பார்த்தாள். "அவரு கை பெருசுடி" என்று சொல்லிவிட்டு அழுதாள். அன்றுபோல் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து, கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்கா இந்த டப்பாவை என் மடியில் வைத்தாள். இப்போதும் அறுப்பின் பண்டிகைக்கு அரிசியோடு அவள் குப்பத்துக் கோயிலுக்குப் போகிறேன். கையில் முருகன் கயிற்றோடு ஏலமும் கேட்கிறேன். யாராவது ஏற்றினால் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

இன்று காலை உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்தேன். வயதாகிவிட்டது, விரல்கள் சரியாக மடங்குவதில்லை, பிடியும் சின்னதாகிவிட்டது. டப்பாவில் போட்டுவிட்டுப் பார்த்தேன். கிழவர் கை அளவுக்குக் காணாது. இன்னொரு பிடி அள்ளிப் போட்டு மூடினேன்.