சித்தப்பாவின் பெயருக்குக் கீழே

கல்லறைத் திருநாளன்று சித்தி மெழுகுதிரி ஏற்றியது முன்பின் தெரியாத ஒருவரின் கல்லில். நாங்கள் குடியேறிய நாட்டின் மனுரேவா இடுகாட்டில் சுற்றிலும் டொங்கா தீவுக் குடும்பங்கள் பாய் விரித்து, பூக்களும் பாட்டுமாக இருக்கும். நடுவே பாசி பிடித்த பழைய வெள்ளைக்காரக் கல் ஒன்று. சித்தி அதைத் துடைப்பார், காற்று அணைத்த திரியை மறுபடி ஏற்றுவார், சித்தப்பாவுக்காக மன்றாடுவார். மன்னாரில் போர்க்காலத்தில் விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்டவர் சித்தப்பா. அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

புற்றுநோய் முற்றியதும் சித்தி அதே இடுகாட்டில் தனக்கொரு இடம் வாங்கினார். கல்லில் சித்தப்பாவின் பெயரையும் சேர்க்கலாமே என்றேன். ஒடாஹுஹு சலவை நிலையத்தில் ஓயாமல் வேலை செய்தும் முகம் சுளிக்காதவர், அன்று என்னிடம் சீறினார். "ஆளில்லாத குழிக்குப் பேரோ? அவரை நானே சாகடிக்கிறதோ?"

பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

அந்த மாதம் வேலை விஷயமாக டெல்லி போனேன். நான் கட்டடப் பொறியியலாளர். ஒரு நாள் மிஞ்சியதும் ஆக்ரா போய் இதிமாத் உத் தௌலா கல்லறையைப் பார்த்தேன். ஒரு முகலாய அரசி தன் தாய் தகப்பனுக்காக, தாஜ்மகாலுக்கு முன்பே யமுனைக் கரையில் எழுப்பியது. திரும்பி வந்து சித்தியின் கட்டிலருகே படங்களை அச்சிட்டுக் காட்டினேன். நாலு மூலையிலும் கோபுரங்கள். வெள்ளைப் பளிங்கைக் குடைந்து, நிறக்கற்களை இழைத்துச் செய்த பூச்சாடிகள், சைப்பிரஸ் மரங்கள். வெயிலைச் சல்லடையாக உள்ளே விடும் கல் ஜன்னல்கள். உள்ளே மஞ்சள் கல்லில் இரண்டு கல்லறைகள்.

"ஒண்டு மட்டும் ஏன் நட்ட நடுவில இருக்கு?"

"தாய்தான் முதல்ல செத்தவ, சித்தி. அவவை நட்ட நடுவில வைச்சாச்சு. தகப்பன் பிறகு வந்து பக்கத்தில படுத்தவர். ஆனா இதுக்குள்ள ஒருத்தரும் இல்லை. உடம்பு கீழ மண்ணுக்குள்ள. மேல்மாடியிலயும் இதே மாதிரி ஒரு சோடி. அதுவும் வெறும் கல்."

"வெறும் கல்லுக்கோ இவ்வளவு பூ?" சித்தி வெகுநாளுக்குப் பிறகு சிரித்தார். "ராசாக்கள் பொய்யையும் ரெண்டு தட்டில கட்டுவினம்."

ஆனால் அந்த இரண்டு கல்லறைகளின் படத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. இரண்டு நாள் கழித்து, கஞ்சி குடிக்கும்போது சொன்னார். "பிள்ளை, அவரின்ர பேரையும் வெட்டச் சொல்லு. எனக்குப் பக்கத்தில. பிறந்த திகதி மட்டும். மற்றது எனக்குத் தெரியாது."

"அவர் வந்திட்டால்?"

"வந்து பார்த்துச் சிரிக்கட்டும். இவ்வளவு சுணங்கினது அவரின்ர பிழை."

போன குளிர்காலத்தில் சித்தி போனார். கல் வெட்டுபவர், "கணவருடைய இரண்டாவது திகதி விடுபட்டிருக்கிறதே?" என்று தொலைபேசியில் கேட்டார். வரைபடத்தில் ஒரு அளவு விடுபட்டாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். விடுபடவில்லை, அப்படித்தான் என்றேன்.

இப்போது நவம்பரில் நான் தனியாகப் போகிறேன். சித்தியின் பெயருக்குக் கீழே சித்தி இருக்கிறார். சித்தப்பாவின் பெயருக்குக் கீழே வெறும் களிமண். பூவைப் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைக்கிறேன்.