நாலு விரல் அடையாளம்

இது கட்டுக்கதை அல்ல. நீர்வேலியில் அந்த வாழைத்தோட்டத்து ஒழுங்கைக்குப் போய் யாரைக் கேட்டாலும், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நடந்தது நடுச்சாமத்தில்கூட இல்லை. பட்டப்பகலில்.

1992, ஆவணி. குருநகரில் படகு எஞ்சின் திருத்திப் பிழைத்தவன் யாகப்பு. சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்ததும், நிறைமாத மனைவி ஸ்ரெல்லாவோடு நீர்வேலித் தோட்டக்காரர் பரமலிங்கத்தாரின் வளவில் வந்து ஒதுங்கினான். முதல் பிள்ளை வீட்டுப் பிரசவத்தில் போய்விட்டது. இது ஆஸ்பத்திரியில்தான் பிறக்கவேண்டும் என்று மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி ஆறு மைல். பெற்றோல் இல்லாத ஊரில் எந்தக் கார் ஓடும்?

வளவின் கொட்டிலில் ஒரு கிழட்டு உழவு இயந்திரம் நின்றது. எட்டு வருடமாக அதன் இருக்கையில் கோழிதான் முட்டையிட்டது. பெற்றோலில் உயிர்கொடுத்தால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் பழைய வகை. அதை எழுப்பிவிடுவதென்று யாகப்பு முடிவுகட்டினான்.

"கடல்காரன் கலப்பைக்கு வலை வீசுறான்," என்று பரமலிங்கத்தார் நக்கலடித்தார். ஆனாலும் ஒளித்து வைத்திருந்த பெற்றோலைத் தந்தார். மருந்துப் போத்தலின் அடியில் கொஞ்சம். மூடியால் அளந்தால் மூன்று மூடி. மூன்றுமுறைதான் முயன்று பார்க்கலாம்.

இறுகிப்போன பிஸ்ரனைத் தேங்காயெண்ணெய் விட்டு ஒன்பது நாள் ஊறவைத்தான். துருவைச் சுரண்டினான். ஒவ்வொரு நாளும் 12.30க்குச் சாப்பிடப் போய் ஒரு மணிக்குத் திரும்புவான். அப்போதுதான் அதைக் கவனித்தான்.

எஞ்சினின் முன்துளையில் செருகிச் சுழற்றும் இரும்பு ஹான்டில். அதன் பிடியில் கறுப்புக் கிறீசில் விரல் அடையாளங்கள். நாலு. பெருவிரலைக் காணவில்லை.

பரமலிங்கத்தார் தொட்டிருப்பார் என்று நினைத்தான். அவர் தேத்தண்ணி குடிக்கும்போது கையைப் பார்த்தான். ஐந்து விரலும் இருந்தன. ஒன்றிலும் கிறீஸ் இல்லை.

மறுநாள் ஹான்டிலைத் துடைத்து, சாக்கில் சுற்றி, இருக்கையின் கீழே வைத்துவிட்டுப் போனான். 1.05க்கு வந்தான். சாக்கு அங்கேயே கிடந்தது. ஹான்டில் முன்துளையில் செருகியிருந்தது...

நாலு விரல்.

புதன்கிழமை, 3.15. முதல் மூடி பெற்றோலை ஊற்றினான். படகு எஞ்சினின் கயிற்றை இழுக்கிற பழக்கத்தில், ஐந்து விரலாலும் ஹான்டிலை இறுக்கிப் பொத்தினான். சுழற்றப்போன அந்தக் கணத்தில்...

யாரோ அவனுடைய பெருவிரலைப் பிரித்து எடுத்தார்கள்.

'டொக்!' எஞ்சின் உதைத்தது. ஹான்டில் பின்பக்கமாகச் சுழன்று பறந்தது. விரல் அங்கே இருந்திருந்தால் முறிந்துபோயிருக்கும்.

கொட்டிலில் ஒருவரும் இல்லை.

வியாழன், இரண்டாவது மூடி. இருமியது. அடங்கியது. ஸ்ரெல்லாவுக்கு அவன் எதையும் சொல்லவில்லை. இரவு முழுக்கத் தன் பெருவிரலைத் தடவிக்கொண்டே கிடந்தான்.

வெள்ளி, பின்னேரம் 4.10. ஸ்ரெல்லாவுக்குக் குத்து எழும்பியது. பன்னீர்க்குடமும் உடைந்தது.

கடைசி மூடி.

இந்தமுறை பெருவிரலை அவனே ஒதுக்கிக்கொண்டான். சுழற்றினான்.

டுப்... டுப்... டுப்டுப்டுப்...

பின்னால் கொழுவி இழுக்கப் பெட்டி இல்லை. இடதுபக்கப் பெரிய சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் தலையணை போட்டு அவளை இருத்தினான். படலையடியில் பரமலிங்கத்தார் எதையோ கத்தினார். "அந்த வளைவிலை..." என்றது மட்டும் கேட்டது. மிச்சத்தை எஞ்சின் விழுங்கியது.

4.35. கோப்பாய்க்கு முந்திய வளைவு. றோட்டில் பள்ளமாய்ப் பெரிய கிடங்கு. இயந்திரம் சரிந்தது. ஸ்ரெல்லாவின் செருப்பு றோட்டில் விழுந்தது. அவளும் வழுக்கினாள். ஸ்ரியரிங்கை விட்டால் எல்லாரும் போச்சு...

கடைக்கண்ணால் பார்த்தான்.

விழவேண்டியவள் நிமிர்ந்தாள். கையைப் பிடித்து யாரோ இழுத்ததுபோல.

5.05க்கு ஆஸ்பத்திரி வாசல். தள்ளுவண்டியில் ஏற்றும்போது அவள் அவன் சேட்டுக் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ... பின்னாலை நிண்ட மனிசனுக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ. அவர் பிடிக்காட்டில் நான் விழுந்திருப்பன். என்னைக் கமலா, கமலா எண்டு கூப்பிட்டவர்."

பின்னால் கலப்பை கொழுவும் இரும்புதான் இருந்தது.

அவளுடைய இடது கையில் நீலமாக நாலு அடையாளம்.

7.20க்குப் பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

பெற்றோல் இல்லாத இயந்திரத்தை ஆஸ்பத்திரியடியிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை நடந்து வளவுக்குத் திரும்பினான். பரமலிங்கத்தார் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. வளைவில் ஏதும் நடந்ததா என்றுதான் கேட்டார். அவன் சொன்னான். அவர் கொட்டில் வாசலிலேயே குந்திவிட்டார்.

அந்த இயந்திரத்தை முன்பு ஓட்டியவன் மார்க்கண்டு. அதே ஹான்டில் உதைத்துத்தான் அவனுக்குப் பெருவிரல் போனது. 84இல் அவன் மனைவி கமலாவதிக்குக் குத்து எழும்பியது. அதே மட்காட்டில்தான் கொண்டுபோனான். அதே வளைவு. ஒரு கையில் ஸ்ரியரிங். மறு கையால் அவளைப் பிடித்தான்.

"பெருவிரல் இல்லாத கை, தம்பி. பிடி வழுக்கீற்றுது. அவள் சில்லுக்குக் கீழை போயிட்டாள்."

கமலாவதியின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியமுன் மார்க்கண்டுவும் செத்துப்போனானாம்.

"கண் மூடுமட்டும் ஒண்டைத்தான் சொன்னவன்," என்றார் பரமலிங்கத்தார். "இன்னொருக்கா பிடிச்சால் விடமாட்டன் எண்டு."

யாகப்பு பரமலிங்கத்தாரின் சைக்கிளை எடுத்தான். எப்படி மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. 11.40க்கு ஆஸ்பத்திரி வாட்டில் நின்றான்.

ஸ்ரெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளை.

இடது கையில் நேற்றைய அடையாளம். கொஞ்சம் கறுத்திருந்தது.

போர்வையை மெல்ல விலக்கி வலது கையைப் பார்த்தான்.

புதிதாக நாலு.

கறுப்புக் கிறீஸ் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது...